மூன்று புள்ளிகளுக்குள் ஒரு மைக்கூடு

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கமா டீச்சர்' என்று பெயர். காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுவாள். மகள் கல்லூரிக்குப் போன பிறகு, நாற்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். விக்டோரியா காலத்து நாவலாசிரியை ஒருத்தியின் வாழ்க்கையும் கதைகளும்தான் ஆய்வு.

அந்த அம்மாள் ஏழு பிள்ளைகளுக்கு நடுவே ஒன்பது நாவல் எழுதியவள். அவள் இறந்ததும் கணவரான பாதிரியார் அவளுடைய கடிதங்களை அச்சிட்டார். முன்னுரையில் 'பொறுமையின் உருவம்' என்று எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்களும் அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொன்னார்கள்.

டீச்சர் கண்ணில் பட்டவை புள்ளிகள். அச்சிட்ட கடிதங்களில் அங்கங்கே மும்மூன்றாக. எதையோ வெட்டியிருக்கிறார்கள்! மூலக் கடிதங்கள் இருந்த வெளிநாட்டு நூலகத்தை எட்டு மாதம் நச்சரித்து நகல் வாங்கினாள். புள்ளி வைத்திருந்த ஓரிடத்தில், மூலத்தில் இப்படி இருந்தது: 'இன்றும் எழுதும்போது கூப்பிட்டார். தேடிய கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. மைக்கூட்டைச் சுவரில் எறிந்தேன்.'

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. செத்தவள் வாயையுமா பொத்துவார்கள்?

"அவ கோபப்பட்டதுக்கு நீ ஏன் குதிக்கிற? டீ ஆறிப்போச்சு பாரு" என்றார் கணவர்.

"ஆறினா சூடு பண்ணிக் குடிங்க. அடுப்பு எங்க இருக்குன்னு தெரியும்ல?"

வழிகாட்டிப் பேராசிரியர் அவளுடைய அத்தியாயத்தில் 'கோபம்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துப் 'பொறுமை' என்று திருத்தியிருந்தார். நாற்பத்தொரு இடம்.

"என் புத்தகத்துல பொறுமைன்னுதாம்மா எழுதியிருக்கேன்."

"அப்போ இந்தக் கடிதம் உங்ககிட்ட இல்ல சார். இப்போ இருக்கு. படிச்சீங்களா?"

"அதைப் படிச்சுத்தான் எனக்குத் தெரியணுமா?"

"நாலாவது நாவல்ல ஒருத்தி புருஷனோட மேசையைக் கோடாலியால பொளக்கிறா. அதுவும் பொறுமையா சார்?"

அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மறுவாரம் துறை அலுவலக வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவர் குரல் கேட்டது: "வீட்ல என்ன பிரச்சினையோ, பாவம்."

அந்தப் 'பாவம்'தான் சுருக்கென்று தைத்தது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டே உள்ளே போனாள். நாலு பேர் பார்க்க, அவர் மேசையிலிருந்த தன் அத்தியாயத் தாள்களை எடுத்தாள்.

"வீட்ல ஒண்ணும் இல்ல சார். பிரச்சினை இந்த மேசையிலதான்."

வழிகாட்டியை மாற்றக் கேட்ட மனு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை வேறொரு கல்லூரிப் பேராசிரியை அவளை ஏற்றுக்கொண்டார். இதிலேயே இரண்டு வருஷம் பாழ். ஒரு 'கோபம்'கூடக் குறையாமல்தான் ஆய்வேடு தேறியது.

ஆனாலும் பாடத்திட்டத்தில் இன்றும் இருப்பது பழைய வழிகாட்டியின் 'பொறுமை'ப் புத்தகம்தான். டீச்சர் கடித நகல்களை இணைத்து, பாடத்திட்டக் குழுவுக்கு வருஷா வருஷம் எழுதுகிறாள். போன வருஷம் பதிலே இல்லை. இந்த வருஷம் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள், நேரிலேயே போகிறாள்.