பச்சை டப்பாவில் ஒரு கையெழுத்து

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் விடுதியின் வரவேற்பு மேசைக்கு ஒரு பெங்களூர் தம்பதி வந்து, "கொட்டச்சேடு பக்கம் ஒரு ஜியோகேஷ் இருக்காமே?" என்று கேட்டபோது, "இருக்கு சார். ஆனா அஞ்சு மணிக்கு மூடிருவாங்க" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை எண்களாக ஒரு செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கையில் போனோடு அலைந்து தேடுவார்கள். கிடைத்தால், உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்."

இந்த அவ்வளவுதானுக்காக இருவரும் காலை ஆறு மணியிலிருந்து முள்ளில் கிடந்திருக்கிறார்கள். கணவரின் காற்சட்டை முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. டப்பா மட்டும் கிடைக்கவில்லை.

அன்றைக்கே அந்தச் செயலியை இறக்கிக்கொண்டேன். மழைக்காலத்தில் வைத்த டப்பா அது. இரண்டு பேர் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்கு இந்த விளையாட்டில் தனி மரியாதை. அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது.

காலியாக இருக்கும் முதல் இடம் என்றால் எனக்குக் கை அரிக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் பத்தாம் வகுப்பு தேறியது நான். முதலில் சேலம் போய் பி.காம். படித்ததும் நான். அடிவாரத்தில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காமல் கடந்த முதல் ஆளும் நான்தான். வீட்டில் பட்டத்தைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். போதாததற்கு, அந்த எண்கள் காட்டிய இடம் நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட்டின் மேல்காடு. என் அம்மா இருபது வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்கும் இடம். அங்கே வெளியூர்க்காரர்கள் வந்து முதல் பெயரைப் போடுவதா?

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது, உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்றெல்லாம் அளந்தேன்.

"டப்பா தேடறதுக்கா கண்ணு உன்னையக் காலேஜுக்கு அனுப்புனேன்?" என்றாள் அம்மா. "நம்ம ஊட்டுலயே குண்டாமூடி ஒண்ணு ஒரு மாசமாக் காணோம். உன்ற செயற்கைக்கோளை மொதல்ல அதைத் தேடிக் குடுக்கச் சொல்லு."

"அதுக்கெல்லாம் இல்லம்மா இது."

"எங்க தேடப் போற?"

"அது ரகசியம். வெளில சொல்லக் கூடாது."

அந்த ஒரு வார்த்தையில் பிகு பண்ணாமல் இருந்திருந்தால், விஷயம் அந்தச் சோற்றுத் தட்டிலேயே முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து மேல்காட்டுக்குப் போனேன். போன் முள் நான்கு மீட்டர் என்றது. இரண்டு எட்டு வைத்தால் பத்தொன்பது மீட்டர் என்றது. நின்ற இடத்திலேயே நின்றால் ஏழு என்றது. மேலே சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்திருந்ததால் செயற்கைக்கோளுக்கு என்னைத் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு மரத்தில் பொந்து தெரிந்தது. படித்த பெண் செய்யக்கூடாத காரியம்: பார்க்காமல் கையை விட்டேன். உள்ளே செவ்வெறும்புகள் குடும்பத்தோடு இருந்தன. அவை என் முழங்கை வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுத்தான் போயின.

அடுத்து எனக்கு விடுமுறை கிடைத்தது வியாழக்கிழமை. பழம் பறிக்கும் பருவம். மேல்காட்டில் அம்மாவோடு சேர்த்துப் பதினொரு பெண்கள் வேலையில் இருந்தார்கள். பிறர் பார்க்காமல் தேட வேண்டும் என்பது விளையாட்டின் விதி. விதி எழுதியவருக்குப் பதினொரு பெண்கள் இருக்கும் காட்டைப் பற்றித் தெரியாது. அம்மாவுக்கு மோர் கொண்டுவந்த மாதிரி பாவனை செய்துகொண்டு, போனை நீட்டியபடி ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"என்னங்கண்ணு, கொலுசைத் தொலைச்சுப்போட்டியா?" என்று செடிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் பக்கத்து வீட்டு அத்தை.

"இல்லீங்கத்தை. சும்மாதானுங்க."

"சும்மா சுத்தறதுக்கு எங்க பாறைதான் கெடைச்சுதா? மாப்பிள்ளை கிட்டப் பேசறதுன்னா சத்தமாப் பேசு சாமி, நாங்களும் கேக்கறோம்."

செடிக்குச் செடி சிரிப்பு பரவியது. அம்மாவும் சிரித்தாள், அதுதான் வலித்தது.

மத்தியானம் ஆயிற்று. எல்லோரும் கை கழுவிக்கொண்டு பாறைக்கு வந்தார்கள். அம்மா நேராக வந்தாள். நான் மூன்று முறை தாண்டிப் போன இடுக்கில் ஒரு கல்லை நகர்த்தினாள். கையை விட்டுத் தன் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்தாள். மறுபடி கையை விட்டு ஒரு பச்சை டப்பாவை எடுத்தாள். திறந்தாள். உள்ளே இருந்த சின்ன நோட்டை விரித்து, பென்சிலால் கையெழுத்துப் போட்டு, அத்தையிடம் நீட்டினாள்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத. எல்லாரும் போட்டுப்போட்டுத்தான் சோறு."

கதை மெல்ல வெளியே வந்தது. எஸ்டேட்டில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கணக்கு எழுதுபவர் ரைட்டர். முன்பு இருந்தவருக்கு மலை ஏறச் சோம்பல். அதனால் மேல்காட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் நோட்டு வைத்திருந்தார். மத்தியானம் பெண்கள் அவர்களாகவே அதில் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி வாரம் ஒருமுறை எடுத்துப்போவார். புது ரைட்டர் வந்தார், பிஸ்கட் டப்பா போய்விட்டது, வருகைக்கு எல்லோரையும் காலையிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டார். போன் படத்தை நம்பி யார் வேலை செய்வது? நோட்டு எங்கே என்று இவர்களுக்கு ஒரே கவலை. அந்த வாரம்தான் தூக்குப்போசியை நிழலில் வைக்க அம்மா பாறை இடுக்கில் கையை விட்டு, இந்தப் பச்சை டப்பாவைக் கண்டிருக்கிறாள்.

"புது ரைட்டரு டப்பாவை மாத்திப்போட்டாருன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு" என்றாள் அம்மா, செயற்கைக்கோள் எதுவும் இல்லாமல்.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதினொரு பேர். டப்பாவுக்குள் இருந்த சின்ன சாமான்களில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் இன்னொரு விதி. அதில் இருந்த பிளாஸ்டிக் டைனோசரை அத்தை தன் பேரனுக்கு எடுத்திருந்தாள். பதிலுக்கு ஒரு ஊக்கும் இரண்டு கொட்டைப்பாக்கும் வைத்திருந்தாள். "சும்மா எடுத்தா திருட்டல்ல?" என்றாள்.

நான் பென்சிலை எடுத்தேன். பதினொரு கைகள் தடுத்தன.

"நீ எஸ்டேட்டு ஆளா கண்ணு? பேரு இல்லாத ஆளு கையெழுத்துப் போட்டா நாளைக்கு ரைட்டரு எங்களையல்ல கேப்பாரு?" என்றாள் அத்தை.

"இது ரைட்டர் நோட்டே இல்லீங்கத்தை. ஆரோ வெளியூர்க்காரங்க ஒளிச்சு வெச்சது."

"எதுக்கு?"

"நாம தேடறதுக்குங்க."

"இங்கதான இருக்குது. இதை எதுக்குத் தேடோணும்?"

பி.காம். மூன்று வருஷத்தில் இதற்குப் பதில் எங்கேயும் வரவில்லை. உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில், "எதுக்கும் இருக்கட்டும், நாம போட்டு வெப்போம்" என்று தீர்மானித்து நோட்டை மூடினார்கள்.

"வேலை செஞ்சா போட்டுக்க" என்றாள் அம்மா.

விடுதியில் மூன்று மொழியில் விருந்தினரை வரவேற்கிற நான், இடுப்பில் சாக்குப்பை கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கினேன். பழுத்தது மட்டும் வர வேண்டும், காய் வரக்கூடாது, காம்பு பிய்யக்கூடாது, கிளை ஒடியக்கூடாது. எனக்கு நான்கும் ஒன்றாக வந்தன. "பச்சையைப் பறிக்காத, கொம்பை இழுக்காத" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். மற்றவர்கள் பை நிரம்பி இரண்டாவது பை கட்டியபோது, என் பையில் அடி மட்டும்தான் மூடியிருந்தது. அம்மா அதற்குள் கையை விட்டு, யாரும் பார்ப்பதற்குள் காய்களைப் பொறுக்கித் தூர எறிந்தாள்.

வேலை முடிந்ததும் நோட்டு என் கைக்கு வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன். ரைட்டர் நோட்டில் தேதிக்கு விடுவதுபோல் மேலே கொஞ்சம் இடம் விட்டு, முதல் வரியில் அம்மாவின் பெயர். மேலே இருந்த அந்த இடத்தில் என் பெயரை எழுதினால் போதும். செயலியில் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? பென்சில் முனையைக்கூட வைத்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான், ஐந்தாம் வகுப்பில். நேர்க்கோட்டில் எழுத மட்டும் கடைசிவரை வரவில்லை. எழுத்துகள் மலை ஏறுகிற மாதிரி மேலே மேலே போகும். இங்கேயும் அப்படியே ஏறிப்போய், அந்தக் காலியிடத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தன. மிச்சத்தில் என் பெயர் அடங்காது. அடங்கினாலும் அவள் பெயர்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பக்கத்தைத் திருப்பி, அன்றைய தேதியில் பன்னிரண்டாவதாகப் போட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பக்கத்துல அரை நாள்னு எழுது. காலையில இருந்து நிக்கறவங்களும் நீயும் ஒண்ணா?"

எழுதினேன்.

பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் வரும். ஏறி, செயலியில் பதிந்தேன்: "கிடைத்தது. முதலில் கண்டுபிடித்தவர் என் அம்மா. நான் அரை நாள்."

டப்பாவின் சொந்தக்காரர், அரை நாள் என்றால் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை. தெரிய வேண்டுமானால் அவர் காலை எட்டு மணிக்கு மேல்காட்டுக்கு வரட்டும். இடுப்பில் கட்ட அம்மா ஒரு பை கொடுப்பாள்.