எதிர்வீட்டில் வாங்கிவிட்டார்களாம்

பாப்கார்ன் வாசனை வந்தாலே பேகம்பேட் மின்சாதனக் கடை நினைவுக்கு வரும். விற்பனைக்கு வைத்த மைக்ரோவேவ் அடுப்பில் பொரித்துக் காட்டிக் கையில் கொடுப்பார்கள். உள்ளங்கையில் சூடு ஏற ஏற ஆசையும் ஏறும்.

அப்பாவின் முதல் விமானப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கப் போகிற வழியில் உள்ளே நுழைந்தேன். எதிர்வீட்டுக் கமலா நேற்றே அடுப்பை வாங்கிவிட்டதாக விற்பனையாளர் சொன்னார். அவ்வளவுதான், டிக்கெட் பணத்தை எடுத்துவிட்டேன். அப்போது கமலாவே மூச்சிரைக்க வந்தாள். "நேத்தே வாங்கிட்டியாமே?" என்றேன்.

"நானா வாங்கினேன்? நீ வாங்கிட்டேன்னு இந்தக் கடையிலேர்ந்து எனக்கு போன் பண்ணாங்களேடி!"

சிரித்துக்கொண்டே வெளியேறினோம். இப்போதெல்லாம் எதை வாங்கும் முன்பும் அவள் வீட்டு மணியை அடித்துவிடுகிறேன்.

அன்று டிக்கெட் எடுக்க நான் ஆட்டோவில் ஏறியதும், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த கமலா கத்தினாள்: "நடு சீட்டு நக்கோ, வேணவே வேணாம்! அப்பாவுக்கு ஜன்னல் சீட்டா கேட்டு வாங்குடி!"