எலுமிச்சம்பழத்தில் இடறிய போர் விமானம்

வங்கதேச யுத்தத்தின்போது, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய வருஷம், நாங்கள் நாலு பேர் தொழிற்சாலையில் போர் விமானத்துக்குப் பெயிண்ட் அடித்தோம். அது பறக்கும்போது நாங்கள் ஷெட்டுக்குள் இருப்போம். ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இன்று அல்சூர் பொம்மைக் கடையில் அதே விமானம், ரிமோட்டில் பறக்கும் பொம்மையாக.

"தாத்தா, புதுசா ஓட்டுறவங்களுக்கு இது சரிப்படாது. உடனே விழுந்துடும். அந்த மஞ்சக் கலர் எடுத்துக்கோங்க," என்றாள் கடைக்காரப் பெண்.

"இதுதாம்மா வேணும். ஒரே ஒரு தடவை மேல போனாப் போதும்."

கடையைப் பூட்டிவிட்டு அவளே மைதானத்துக்கு வந்தாள்.

புது வண்டி ஆயிற்றே, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் ரிமோட்டை அழுத்தினாள். பழம் நசுங்கவில்லை. விமானம்தான் இடறி மூக்குக் குப்புற விழுந்தது.

"தாத்தா, இது லாரி இல்ல!"

நல்லவேளை, உடையவில்லை. பழத்தைத் தன் செருப்பால் நசுக்கிவிட்டு, "பூஜை ஆச்சு, இப்ப பாருங்க," என்றாள்.

பறந்தது. போனில் வீடியோ எடுத்தேன். ரிமோட்டை என் கையில் கொடுத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

வீடியோவை அனுப்பினேன். "வால்ல பச்சை சரியாவே வரல, எவன்டா அடிச்சது?" என்று போனில் திட்டுகிறான், நாலு பேரில் என்னோடு மிச்சமிருக்கும் தஸ்தகீர்.