மேர்சி வெட்டிய கூந்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மில்பிடாஸில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்த மேர்சி, அன்று காலை கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். 1994, மார்ச் மாதம். ஏழாம் அறை ஐரீனுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அரிசோனாப் பக்கத்து நவாஹோ பழங்குடிப் பெண். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. இடுப்புவரை நீண்ட நரைமுடி, படுத்தே கிடந்ததில் சிக்குப்பிடித்து, தலையில் புண் வைத்திருந்தது. வெட்டிவிட்டால் புண் ஆறிவிடும். மகளிடம் கேட்க வேண்டும் என்று மேர்சிக்குத் தோன்றவேயில்லை.

முதல் கொத்து முடி விழுந்ததும் ஐரீன் அலறினாள். சின்னப் பிள்ளையின் அலறல். பிறகு சட்டென்று நல்ல கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

மாலையில் வந்த மகள் லொரெயின் தாயின் தலையைப் பார்த்தாள். சண்டை பிடிக்கவில்லை. மேர்சியை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"அம்மாவுக்கு ஆறு வயதில் அரசாங்க ஆட்கள் வந்து விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். போன அன்றே முடியை வெட்டினார்கள். எங்கள் நினைவெல்லாம் முடியில்தான் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நாங்கள். எங்கள் மொழியில் அழுததற்காக வாயில் சோப்பைத் திணித்தார்கள். ஐரீன் என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான்."

"சொந்தப் பெயர்?"

"எனக்குக்கூட அவள் சொன்னதில்லை."

வீட்டுக்கு வந்த மேர்சி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இஞ்சாருங்கோ, நான் ஒரு பாவம் செய்துபோட்டன்" என்றாள் கணவரிடம்.

பேரின்பநாதன் கதை முழுவதையும் கேட்டார். "தெரியாமல்தானே செய்தனீர்?"

"அந்தப் பள்ளிக்கூடத்து ஆக்களும் நல்லது செய்யிறம் எண்டுதானே நினைச்சிருப்பினம்?"



மறுநாள் கட்டிலருகே முழந்தாளிட்டு மேர்சி மன்னிப்புக் கேட்டாள். ஐரீன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தொன்பது நாள் மேர்சி அவளுடைய புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். ஒரு நாள்கூட அந்த முகம் அவள் பக்கம் திரும்பவில்லை. இருபதாம் நாள் ஐரீன் இறந்துபோனாள்.

அந்தக் கோடையில், மேர்சி கெஞ்சிக் கேட்டதால், தமிழ்க் கிறிஸ்தவ சபையில் ஆராதனை முடிந்தபின், மிஷன்களும் சேர்ந்து நடத்திய அந்த விடுதிப் பள்ளிகளைப் பற்றிப் பேச லொரெயின் வந்தாள். அவள் வாய் திறக்குமுன்பே சபையின் மூப்பர் நாகரத்தினம் எழுந்து மேர்சியைப் பார்த்தார்.

"மிஷன் பள்ளிக்கூடம் இல்லாட்டி நாங்கள் இஞ்ச இருப்பமோ, பிள்ளை? நீரும் யாழ்ப்பாணத்தில மிஷன் ஹொஸ்டலில படிச்சனீர்தானே?"

"ஓம் அங்கிள். என்னை என்ர அம்மாதான் கொண்டுபோய் விட்டவா. லீவுக்கு வீட்டை வந்தனான். என்ர பெயரை ஒருத்தரும் பறிக்கேல்லை." மேர்சி லொரெயினின் பக்கத்தில் போய் நின்றாள். "எங்களுக்குக் கிடைச்சதை வைச்சு அவையளுக்கு நடந்ததை மூடக்கூடாது."

பாதிப்பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பதினொரு பேருக்கு முன்னால் லொரெயின் ஒரு மணிநேரம் பேசினாள். நாகரத்தினமும் போகவில்லை, தலையைக் குனிந்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் இருவரும் நூலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்ந்து போய்ப் பேசத் தொடங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் தான் செய்ததை மேர்சி மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல லேசாகும் என்றார்கள், ஆகவில்லை.

ஒருமுறை ஃப்ரீமாண்டில் பேசிவிட்டுத் திரும்பும் வழியில், காரில், லொரெயின் சொன்னாள்: "அம்மா சார்பில் உன்னை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை, மேர்சி."

"தெரியும்" என்றாள் மேர்சி. "அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.