கத்தரிப்பூ நிறத்து மண்

என் நாத்தனார் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸை ஓரம் சீவி, பொருத்தி, வந்தவர் மூக்கில் மாட்டிப் பார்த்து, காதுப்பக்கம் வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்தபிறகு அவள் செய்வதைத்தான் சொல்லவேண்டும். வந்ததும் வராததுமாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மண் அரைக்க உட்கார்ந்துவிடுவாள். மண்ணைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுகிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டின் பின்பக்கம் முழுக்க அவளுடைய வாளிகள்தான். கொண்டுவந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே இருக்கும் கலங்கலை மட்டும் அடுத்த வாளிக்கு ஊற்றுவாள். அது தெளிந்தபின் அடியில் படிந்த சேற்றைக் காயவைத்து, என்னுடைய டீ வடிகட்டியில் சலித்து, பாட்டிலில் போட்டு மூடுவாள். வேண்டும்போது கொஞ்சம் எடுத்துப் பிசினும் இரண்டு சொட்டுத் தேனும் விட்டுக் கண்ணாடிப் பலகையில் அரைத்தால் சாயம் தயார். அரைத்ததைக் காண்டாக்ட் லென்ஸ் வைக்கும் குட்டி டப்பாக்களில் ஊற்றி உலர்த்துவாள். செங்கல் துண்டு, முட்டை ஓடு, அடுப்புக்கரி எதையும் விட்டுவைத்ததில்லை. கொஞ்சம் அசந்தால் என்னையும் அரைத்துவிடுவாள் என்று அவள் அண்ணனிடம், அதாவது என் கணவரிடம், சொல்லிக்கொண்டிருப்பேன். ஊர் அவளுக்கு வைத்த பெயர் ‘மண்ணு’. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் வரைவது மிருகங்களை மட்டும். நரி, கீரி, முயல், உடும்பு. அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த மண்ணில் ஒரு பிராணியைப் பார்த்தாளோ, அந்த மண்ணில் செய்த சாயத்தால்தான் அதை வரைவாள். ஏரிக்கரை நரிக்கு ஏரிக்கரை மண். மேட்டு முயலுக்கு மேட்டுச் செம்மண். செத்துக் கிடப்பதைப் பார்த்து வரையமாட்டாள், போட்டோவைப் பார்த்தும் வரையமாட்டாள். இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கேட்டவர்கள் பாராட்டுவார்கள், இவளுக்கு முகமெல்லாம் பூரிக்கும். அந்தப் பேச்சு ஒருநாள் வினையாகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளை ஒன்று உண்டு. அதற்கு மண் எடுத்த பள்ளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் மண் இருக்கும். அந்த மண்ணில் சுட்ட கல் எல்லாம் வெடித்துப்போனதால்தான் சூளையையே மூடினார்கள். அந்த நிறம் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது. அங்கே பொழுது சாயும் நேரத்தில் ஒரு அழுங்கைப் பார்த்தாள் மண்ணு. உடம்பெல்லாம் செதிலாக, எறும்பும் கரையானும் தின்று வாழும் பிராணி. தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், யாரையும் கடிக்கத் தெரியாது. அதன் செதிலுக்கு ஆசைப்பட்டே எல்லா இடத்திலும் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். இவள் பார்த்தது தாய். வால் மேல் ஒரு குட்டி தொத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் பல சாயங்காலம் அங்கேயே கிடந்து அதை வரைந்து முடித்தாள். கத்தரிப்பூ நிறச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, விளிம்பில் பிசின் மினுங்க, வாலில் குட்டி. அவளைக் கேலி செய்வதே பிழைப்பாக இருந்த நானே அந்தப் படத்தின் முன் வாயடைத்து நின்றேன். எங்கே பார்த்தாய் என்று யார் கேட்டும் அவள் சொல்லவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. படத்தை மட்டும் கடைச் சுவரில் மாட்டினாள்.

கடப்பாறை என்று ஒருவன். வயதில் பெரியவன்தான், ஆனால் மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் குழி வெட்டப் போனவன், பிறகு உயிரோடு கிடைப்பதையெல்லாம் பிடித்து விற்கிறவன். பார்வை மங்கிப்போய்க் கண்ணாடி போட வந்தான். மண்ணுதான் லென்ஸ் தேய்த்து, மாட்டிவிட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தது எதிர்ச் சுவரை.

“நல்லாத் தெரியுதும்மா” என்றானாம். “இது சூளைப் பள்ளத்து மண்ணாச்சே. நான் வெட்டின மண்ணு எனக்குத் தெரியாதா? எதை எங்க பாத்தீங்களோ அந்த மண்ணுலதான் வரைவீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். இவள் கடை முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள். வனத்துறைக்குப் போட்டாளாம், மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுக்க ஆளில்லை. என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். அலமாரியில் இருக்கும் கத்தரிப்பூ நிறப் பொடி பாட்டில்கள் அத்தனையையும், டீ வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சூளைப் பள்ளத்துக்கு வரவேண்டும். இந்த நேரத்தில் சாயம் எதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன். விழுந்தேனே தவிர, எடுத்துக்கொண்டு போனேன்.

உச்சி வெயில். பள்ளத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அழுங்கின் வளையை எனக்குக் காட்டினாள். பகலில் அழுங்கு உள்ளே தூங்கும், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். அந்த அடைத்த மண்தான் ஆபத்து. உள்ளிருந்து புதிதாக வந்த ஈர மண் என்பதால், காய்ந்து வெளுத்த சரிவில் அது மட்டும் கருப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் நகக் கீறல், வால் இழுபட்ட தடம். கண் தெரிகிற எவனும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவான். அந்தக் கண்ணையும் இவளேதான் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

காய்ந்த கட்டிகளைப் பொறுக்கிவந்து ஈரத்தின் மேல் உதிர்த்தாள். அதன்மேல் பாட்டில் பாட்டிலாகப் பொடியை வடிகட்டியில் கொட்டி, தட்டித் தட்டித் தூவினாள். நான் ஒரு குச்சியால் வால் தடத்தை அழித்துக்கொண்டு வந்தேன். தூவத் தூவ வளை கண்ணெதிரே காணாமல் போனது. அவள் வரைந்ததிலேயே அதுதான் பெரிய படம் என்று நினைக்கிறேன், பார்க்க ஒன்றுமே இல்லாத படம். கடைசிப் பாட்டிலைக் கவிழ்த்தபோது மேலே சரளை சரிகிற சத்தம் கேட்டது. தோளில் கடப்பாறை, கையில் சாக்கு. மூக்கில் புதுக் கண்ணாடி.

அவன் இறங்கி வருவதற்குள் நான் இன்னொன்றைப் பார்த்துவிட்டேன். தூவிய பொடியின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருமை. அடியில் இருந்த ஈரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மண்ணுவும் பார்த்தாள். நான் யோசிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று அதன் மேலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின்தான் எனக்குக் கீழே ஒரு தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்பது உறைத்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது.

“ரெண்டு பேரும் இந்த வெயில்ல இங்க என்ன பண்றீங்க?” என்றான்.

மண் எடுக்க வந்தோம் என்றேன். பாட்டிலும் வடிகட்டியும் கிடந்ததால் அதை நம்பினான். ஆனால் போகவில்லை. கடப்பாறையால் சரிவை அங்கங்கே தட்டிப் பார்த்தான். அதட்டாமல், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி அன்பாகவே, அந்த அழுங்கு எங்கே என்று மண்ணுவைக் கேட்டான். அவளுக்குப் பொய் வராது. சின்ன வயதில் திருடித் தின்றதைக்கூடக் கேட்கும் முன்னால் ஒப்புக்கொள்கிறவள் என்று என் கணவர் சொல்வார். அவள் கண் என் பக்கம் திரும்பப் போனது. திரும்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

“அது எங்க இருக்கு?” என்றேன் நான். “செத்து எவ்வளவோ நாளாச்சு. லாரியில அடிபட்டு இந்தச் சூளை ரோட்டோரம் கெடந்துச்சு. இவதான் தூக்கிட்டு வந்து, அதைப் பாத்துப் படம் போட்டா.”

“அப்ப குட்டி?”

“குட்டியாவது ஒண்ணாவது. அழகா இருக்கட்டும்னு இவளா போட்டது.”

“செதில் எங்க?”

அவன் அதைக் கேட்பான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதைத்தோம் என்றால் தோண்டுவான். விற்றோம் என்றால் யாரிடம் என்பான். அடியில் ஈரம் என் புடவையில் ஏறுவது தெரிந்தது. “இவளைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே” என்றேன். “எதை அரைக்காம விட்டா? அதையும் அரைச்சுச் சாயத்துல கலந்துட்டா. படத்துல ஓரத்துல மினுங்குதே, அது என்னன்னு நெனச்சீங்க?”

கடப்பாறை அவளைப் பார்த்தான். “நெசமாம்மா? செத்ததைப் பாத்தா வரைஞ்சீங்க? அதையே அரைச்சா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிறகு தெளிவாக, “ஆமா” என்றாள். உயிரைப் பிடித்து விற்கிறவனுக்கே முகம் சுளித்தது. காலுக்கடியில் துப்பிவிட்டு, சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனான். அவன் தலை மறைந்து வெகுநேரம் வரை நாங்கள் அசையவில்லை.

அழுங்கு பிழைத்தது. மண்ணு பிழைக்கவில்லை. அடுத்த நாளே ஊர் முழுக்கப் பேச்சு. கடை முதலாளி படத்தைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி, அவள் கையில் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடச் சுவரில் மிருகங்கள் வரைய அவளைக் கூப்பிட்டிருந்த தலைமையாசிரியை, வெள்ளையே போதும் என்று சொல்லியனுப்பினார். என் கணவர் இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. அவரிடமாவது உண்மையைச் சொல்கிறேன் என்றேன். “வேண்டாம் அண்ணி, அண்ணன் வாயில எதுவும் தங்காது. குட்டி தாயை விட்டுப் பிரியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றாள். குட்டி வளர்ந்து, தாயும் வேறு வளை பார்த்துப் போய்விட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

குட்டி இன்னும் தாயோடு இருந்த நாட்களில் ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். தளர்ந்த ஃப்ரேமை முடுக்கக் கடப்பாறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு சிறுமி. அந்தப் படத்தைப் பார்ப்பதற்காகவே முன்பெல்லாம் பள்ளி விட்டதும் கடை வாசலில் வந்து நின்ற குழந்தை. அம்மாவோடு புதுக் கண்ணாடி வாங்க வந்திருந்தாள். மண்ணு காதுப்பக்கத்தை வளைத்துக்கொண்டிருந்தபோது, குழந்தை அவளை நேராகப் பார்த்துக் கேட்டது.

“நீங்க அந்த அழுங்கை அரைச்சுட்டீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். கடப்பாறை எங்கள் பக்கம் திரும்பினான். மண்ணு என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, “ஆமாம்மா” என்றாள்.

துடைத்த கண்ணாடியை நீட்டினாள். குழந்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டது. அம்மாதான் வாங்கி மாட்டிவிட்டாள்.