பூ வைத்த சுரைக்குடுக்கை

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர், அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயது இருபத்திரண்டு. சேலம் டவுனில் பிறந்து, அங்கேயே போர்டிங்கில் தங்கிப் படித்தவள். சோளத்தைத் தட்டில் பார்த்திருக்கிறேன். மானாவாரிக் காட்டில் பயிராக நிற்கும்போது அது சோளமா கம்பா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அதை ஒரு குறையாக நினைக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

எனக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. மேசை அலங்காரம். போர்டிங்கில் எங்களை வளர்த்த துரைசானி அம்மாள் கற்றுக்கொடுத்தது. மேசை விரிப்பு நாலு பக்கமும் ஒரே அளவில் தொங்க வேண்டும், உயரமான பூ பின்னால், குட்டைப் பூ முன்னால், பழங்களை அடுக்கினால் அடுக்கியது தெரியக்கூடாது. கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் எது வந்தாலும் “அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்” என்பார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டே எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு யாராவது இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த ஊர் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வழக்கமாக மாசியில் நடக்குமாம். அந்த வருஷம் ஏதேதோ காரணத்தால் தள்ளிப்போய், கடைசியில் மிஷன் துரையும் என்னை வளர்த்த அந்தத் துரைசானியும் கோடைக்கு ஏற்காடு போய்த் திரும்பி வரட்டும் என்று ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். இரண்டு வருஷம் வானம் காய்ந்துபோய்க் கிடந்தது. பண்டிகைக்கு நாலு நாளைக்கு முன்னால்தான் நல்ல மழை ஒன்று கொட்டியது. ஊரே சந்தோஷமாக இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் எல்லோரும் விதைப்புக்கு இறங்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சு என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. என் மண்டை முழுக்க மேசைதான்.

அங்கே அதுவரை அலங்காரம் என்று ஒன்று கிடையாது. ஜனங்கள் காட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து, அவரவர் கையாலேயே முன்னால் இருக்கும் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்காருவார்கள். பூசணிக்காய் மேல் முட்டை, முட்டை பக்கத்தில் காலைக் கட்டிப்போட்ட கோழி. கேட்டபோதே எனக்கு உடம்பு கூசியது. கோயிலைப் பார்த்துக்கொண்ட ஊர் உபதேசியாரிடம் போய், இந்தத் தடவை மேசையை என் பொறுப்பில் விடுங்கள் என்றேன். அவர் சாது. “செய்யுங்கம்மா, நல்லதுதானுங்க” என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் ஒரு சட்டம் போட்டேன். யாரும் மணி அடிக்கும் முன் கோயிலுக்குள் வரக்கூடாது. கொண்டுவந்ததை வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். கதவைத் திறக்கும்போது எல்லோரும் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. அதிலும் துரைசானி அசந்துபோக வேண்டும் என்று இன்னும் பெரிய ஆசை.

அன்று விடியற்காலையிலேயே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மாளை மறக்க முடியாது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்து மைல் நடந்து வந்தவள், காலெல்லாம் முழங்கால் வரை சேறு. இடுப்பில் ஒரு பெரிய சுரைக்குடுக்கை. வாய் சாணியும் மண்ணும் பூசி அடைத்திருந்தது. மேலெல்லாம் புகை படிந்து, சாம்பல் ஒட்டிப் பார்க்கவே அழுக்காக இருந்தது. ஆனால் அதன் வடிவம் இருக்கிறதே! அடியில் நன்றாக உருண்டு, கழுத்து நீண்டு லேசாக வளைந்து, அப்படி ஒரு அழகு.

அவள் அதைச் சட்டென்று என் கையில் கொடுக்கவில்லை. “டீச்சரம்மா, இது வந்துங்க...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்குப் பின்னால் ஆயிரம் வேலை கிடந்தது. “எல்லாம் எனக்குத் தெரியும், வைத்துவிட்டுப் போங்கள்” என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே புளியமரத்தடிக்குப் போனாள்.

பூ நிறைய இருந்தது. அரளி, ஆவாரம்பூ, கொன்றை எல்லாம் பெண் பிள்ளைகள் கூடை கூடையாகப் பறித்து வந்திருந்தார்கள். வைப்பதற்குத்தான் பாத்திரம் இல்லை. ஊரில் இருந்த சொம்பு, குடம் எல்லாம் சமையலுக்குப் போய்விட்டது. நடுவில் உயரமாக ஒன்று நின்றால்தான் மேசை எடுப்பாக இருக்கும். என் கண் அந்தக் குடுக்கையைவிட்டு நகரவில்லை. கத்தியால் அதன் வாய் மண்ணை நோண்டி எடுத்தேன். உள்ளே சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்த சோளம், இரண்டு படிக்குக் குறையாது. நல்ல சிவப்பு மணி. கோயிலுக்குக் கொடுத்த சோளம், இன்றைக்குக் கோயிலில்தானே விருந்து, நேராகச் சமையலுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். அது தப்பாகவே எனக்குப் படவில்லை.

பின்பக்கம் உரலில் சோளம் குத்திக்கொண்டிருந்த அம்மாளின் முறத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். அவள் உலக்கையை நிறுத்திவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, இது வெதச் சோளமாட்ட இருக்குதுங்களே?”

“எந்தச் சோளமாக இருந்தால் என்ன, கர்த்தருக்குக் கொடுத்தாயிற்று. நேரமாகிறது, குத்துங்கள்” என்றேன். டீச்சரம்மா நானே சொல்லிவிட்ட பிறகு அவள் என்ன செய்வாள்? புடைத்து உரலில் போட்டாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, விதைக்கிறவனைப் பற்றி ராகம் போட்டுப் பாடம் நடத்துகிறவள் நான். விதையைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு விதை தெரியவில்லை.

குடுக்கையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி, சரம் சரமாகக் கொன்றைப் பூவை வைத்து மேசை நடுவில் நிறுத்தினேன். சுற்றிலும் பூசணி, அவரை, நிலக்கடலை, மாம்பழம். சின்னச் சின்னத் துணி முடிச்சுகள் பத்துப் பன்னிரண்டு வந்திருந்தன. அவை பார்வைக்கு நன்றாக இல்லை என்று அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் மேசைக்கடியில் விரிப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அவை தப்பித்தது அதனால்தான்.

மணி அடித்துக் கதவைத் திறந்ததும் நான் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. ஜனங்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். துரைசானி என் தோளைத் தட்டி, “நடுவில் அந்தச் சுரைக்காய், அது யாருடைய யோசனை?” என்று கேட்டார். “என்னுடையதுதான் அம்மா” என்றேன். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தன் குடுக்கை எல்லாவற்றுக்கும் நடுவில் பூ வைத்து நிற்பதைப் பார்த்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அது எனக்கு இன்னும் பெருமையாகப் போயிற்று.

ஜெபம் முடிந்து புளியமரத்தடியில் பந்தி. சோளச் சோறும் கோழிக் குழம்பும். பரிமாறிக்கொண்டே போனபோது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “எங்க குடுக்கைக்குப் பூவெல்லாம் வெச்சு நடுவுல நிறுத்திப் போட்டீங்களே சாமி. எங்கூட்டுக்காரரு மேட்டூர்ல அணை வேலைக்குப் போயிக் கெடக்கறாருங்க. இந்த வருசம் காடு வெளஞ்சுதுன்னா அவர மறுபடி அனுப்பறதில்லைன்னு இருக்கறனுங்க” என்றாள். அப்புறம் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, “சோறு நல்லா இருக்குதுங்க. எங்க காட்டுச் சோளமாட்டவே இருக்குது” என்றாள். நான் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் ஒவ்வொருவராக மேசையிடம் வந்தார்கள். எதையோ தேடினார்கள். உபதேசியார் விரிப்பைத் தூக்கி, உள்ளே கிடந்த துணி முடிச்சுகளை எடுத்து ஆளாளுக்குக் கொடுத்தார். என்ன இது, கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். “வெதைங்கம்மா. விளைச்சல் கோயிலுக்கு, வெத ஊட்டுக்கு. ஜெபத்துல வெச்சு எடுத்துட்டுப் போயி நாளைக்கு வெதைப்பாங்க” என்றார். இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், இதைப் போய் யாராவது எடுத்துச் சொல்வார்களா என்ன? என் கண் மேசை நடுவில் இருந்த குடுக்கைக்குப் போயிற்று.

அவளும் வந்தாள். பூவை ஒவ்வொரு சரமாக எடுத்து மேசையில் அடுக்கி வைத்தாள். குடுக்கையைத் தூக்கினாள். அது கனமாகத்தான் இருந்தது, உள்ளே தண்ணீர் இருந்ததே. சாய்த்ததும் பூத்தண்ணீர் அவள் காலில் கொட்டியது. குடுக்கையின் வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள்.

“டீச்சரம்மா, இதுல இருந்த வெத எங்கீங்க?”

துரைசானி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அலங்காரம் என்னுடைய யோசனை என்று காலையில்தான் மார்தட்டியிருந்தேன், மறுக்கவும் வழியில்லை. “சமையலுக்குக் கொடுத்துவிட்டேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கௌரவம் நிறுத்தவிடவில்லை. “சோளம்தானே அம்மா, நான் வேறு வாங்கித் தருகிறேன்” என்றேன்.

“ஆமாங்க, சோளந்தானுங்க” என்றாள் அவள். முந்தானையால் காலைத் துடைத்தாள். குடுக்கையை மேசை மேலேயே வைத்தாள். “இது பூ வெக்க ஆகுமுங்க, நீங்களே வெச்சுக்குங்க. நான் வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உரலில் குத்திய அம்மாள்தான் மீதியைச் சொன்னாள். அது குடுக்கை கொண்டுவந்தவள் கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த செஞ்சோளம். இந்தப் பக்கத்தில் வேறு யார் காட்டிலும் கிடையாது. மழை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். இரண்டு வருஷப் பஞ்சத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லாத நாளிலும் அந்தக் குடுக்கையின் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாளாம். அதைத்தான் நான் கத்தியால் திறந்து எல்லோருக்கும் சோறாகப் போட்டேன். அவள் இலையிலும் போட்டு, மேற்கொண்டு ஒரு கரண்டி வேறு வைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடையில் நாலு படி சோளம் வாங்கிக்கொண்டு ஐந்து மைல் நடந்தேன். வழி நெடுக ஏர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காடு மட்டும் உழுதபடி சும்மா கிடந்தது. என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். சோளத்தைக் கையில் அள்ளிப் பார்த்து, மோந்து பார்த்து, திரும்பப் பையில் போட்டாள்.

“இது நெலத்துக்குள்ள குழியில மூடி வெச்சுச் சூடேறிப்போன சோளமுங்க. திங்க ஆகும். மொளைக்காதுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஏதேதோ உளறினேன். அவளோ என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். “மனசுல வெச்சுக்காதீங்க சாமி. எங்க காட்டுச் சோளமாட்ட இருக்குதுன்னு எங்க நாக்கு சொல்லுச்சு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அக்கம்பக்கத்தார் தங்கள் காட்டை விதைத்து முடித்து, மிச்சத்தில் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள். அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. முளைத்தது பாதிதான். அதுவும் வெள்ளைச் சோளம், அடுத்த மழை பிந்தியதும் வாடிவிட்டது. ஊருக்கு வந்திருந்த அவள் புருஷன் மறுபடி மேட்டூருக்குப் போனார்.

அடுத்த வருஷப் பண்டிகைக்கு நான் கதவைச் சாத்தவில்லை. அவள் வந்தாள். கையில் சின்னத் துணி முடிச்சு. நான் எழுந்து போய் இரண்டு கையையும் நீட்டினேன். “இருக்கட்டுமுங்க, நானே வெக்கறனுங்க” என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை, ஜாக்கிரதை மட்டும் இருந்தது. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ஜெபம் முடியும் வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்கு மறு வருஷம் குடும்பத்தோடு மேட்டூருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை.

குடுக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் பூ வைப்பதில்லை. இன்றும் கோயிலிலோ வீட்டு விசேஷத்திலோ மேசை அலங்காரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போகிறேன். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகுதான் கையில் வாங்குகிறேன். “டீச்சரம்மா, இது வந்துங்க” என்று வாசலில் ஆரம்பித்தவளை அன்று நான் முடிக்க விட்டிருந்தால், அந்தச் செஞ்சோளம் இன்றைக்கும் அவள் காட்டில் நின்றிருக்கும்.