முடிச்சுப் போட்ட நூல்

மாலையில் முடிவுக் கோட்டருகே நின்றவர்கள்: என் மனைவி செல்வி. போட்டியை நடத்திய சுனில் அய்யா. காலையிலேயே முதலாவதாக வந்துவிட்ட ரஞ்சித். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட போட்டி எனக்கு அதுதான் முதல் தடவை. அதே நாளில் கொழும்பிலும் ஒரு பெரிய கம்பெனி நடத்தியது. அங்கே பனியனும் பதக்கமும் உண்டு. ஆனால் பிந்தியவர்களை வேனில் ஏற்றிவிடுவார்களாம். இங்கே யட்டியாந்தோட்டையில் சுனில் அய்யா நடத்தியதில் சோற்றுப் பார்சல் மட்டும்; ஆனால் யாரையும் வேனில் ஏற்றிவிட மாட்டார்கள். எப்படியாவது முடிக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதனால் யட்டியாந்தோட்டையில் பெயர் கொடுத்தேன்.

ஆற்றை நீந்திக் கடந்தேன். சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டிய தெஹியோவிட்டையில் செயின் அறுந்தது. அங்கிருந்து தள்ளிக்கொண்டே திரும்பினேன்.

"இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்றாள் செல்வி.

"நடந்துதான் வந்தேன்."

சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காரப் போனேன்.

"மல்லி, ஓட்டம் இன்னும் இருக்கே" என்றார் சுனில் அய்யா. தம்பி என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்.

"எல்லாரும் போயிட்டாங்களே, அய்யா."

"நாங்க போகல்லதானே" என்றான் ரஞ்சித். "ஓடிட்டு வாங்க."

தோட்டத்துப் பாதையில் ஓடினேன். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் ரஞ்சித் நெஞ்சால் அறுத்த நூலை முடிச்சுப் போட்டு, ஒரு முனையை அவனும் மறுமுனையைச் செல்வியும் பிடித்திருந்தார்கள். சுனில் அய்யா என் பெயரைச் சத்தமாகச் சொன்னார். நூலை நெஞ்சால் அறுத்துக்கொண்டு கோட்டைக் கடந்தேன்.

அன்று சொல்லாத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

ஓடியவர்கள் பத்தொன்பது பேர். நான் பத்தொன்பதாவது.